நீலக் கொடி

"அண்ணே, நீலக் கொடிய ஆட்டுங்கண்ணே. எங்க பாபு வாரது கண்ணுக்குத் தெரியலையா?"

கொட்டாம்பட்டி அருகே வறண்டு கிடந்த கண்மாயில் மோட்டார் பைக் பந்தயம். தடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தியவன் மருது. கொடியோடு நின்ற காசிமாயன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டயானா மூச்சிரைக்க வந்து பக்கத்தில் நின்றாள். சர்ச்சில் பூசை முடிந்து மதுரையில் அவள் ஏறிய பஸ், மேலூர் தாண்டியதும் பஞ்சர். மருதுவும் கூட்டாளிகளும் வந்தது அதே பஸ்ஸில்தான். ஜெனரேட்டர் படுத்துவிட்டதால் மைக் செட்டும் ஊமை. கடைசிச் சுற்று ஓடுகிறது என்று மட்டும் சோடா விற்றவர் சொன்னார்.

புழுதிக்குள்ளிருந்து இரண்டு வண்டிகள் கண்மாய்க் கரைமேல் ஏறின. பின்னால் வருபவன் வெங்கடேஷ்பாபு. மூன்று வருஷமாகக் கோப்பையை விடாதவன். அவனுக்கு முன்னால், குறுகலான தடத்தை அடைத்துக்கொண்டு, டயானாவின் கணவன் ஜூடு.

"யார்ரா அது, பாபுவ மறிச்சுக்கிட்டு?" மருதுவிடம் கூட்டாளி ஒருவன் கேட்டான்.

"ஜூடு சாரு. ஸ்கூல் கிளார்க்கு. வழக்கம்போல ஒரு ரவுண்டு பிந்திப்போயி உருட்டிக்கிட்டிருப்பாரு. பால்காரர்ட்ட வாங்குன வண்டில்ல, கேன் மாட்டுற கொக்கி இருக்கான்னு பாரு."

சிரித்தார்கள். டயானா கைப்பையை இறுக்கிப் பிடித்தாள்.

போன வருஷம் இதே கரையில், இதே பாபுவுக்கு ஒதுங்கப் போய்த்தான் ஜூடு கருவேல முள்ளுக்குள் விழுந்தான். காறை எலும்பு முறிந்து, இரண்டு மாதம் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது டயானாதான். "இந்தத் தடவையும் தோத்துட்டா வண்டிய வித்துடுறேன் டயானா" என்று சொல்லிவிட்டுத்தான் இன்று விடியுமுன் கிளம்பியிருந்தான்.

பந்தய மரியாதையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் அவனே. ஒரு முழுச் சுற்று பிந்தியவனை வேகக்காரன் நெருங்கினால், பிந்தியவனுக்கு நீலக் கொடி காட்டுவார்கள். அவன் வழிவிட்டே ஆக வேண்டும். அப்படிச் சொன்ன மனுஷனா இது?

பாபு வலது பக்கம் முட்டிப் பார்த்தான். ஜூடு தடம் மாறவில்லை. இடது பக்கம் வந்தான். ஜூடு இம்மியும் நகரவில்லை.

"ஒதுங்கிருங்க!" டயானாவே கத்திவிட்டாள்.

மருது திரும்பினான். "அப்படிச் சொல்லுங்கக்கா. ஒங்களுக்குத் தெரிஞ்ச நாயம் அந்தாளுக்குத் தெரியலையே."

அவளுக்கு முகம் சுட்டது. வண்டி போனால் போகட்டும். கண்ணியமானவன் என்ற பேராவது மிஞ்ச வேண்டாமா?

இரண்டு வண்டிகளும் கரையிலிருந்து இறங்கி முடிவுக் கோட்டைப் பார்த்துச் சீறின. காசிமாயன் நீலக் கொடியை நிதானமாகச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"என்னண்ணே, சுருட்டிட்டீங்க? ஜூடு சாரு ஒங்களுக்குச் சம்பந்தியா?"

காசிமாயன் குனிந்து கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடியை எடுத்தார். ஒரு வண்டி நீளம் முன்னால் வந்து ஜூடு கோட்டைத் தாண்டினான். அவன் தலைக்கு மேல் அந்தக் கொடி வீசி ஆடியது.

மருது பதறிப்போனான். "அண்ணே, அது ஜெயிச்சவனுக்குக் காட்டுற கொடி. ஆள் மாத்திக் காட்டிட்டீங்க."

"சரியான ஆளுக்குத்தான் காட்டிருக்கேன்" என்றார் காசிமாயன், டயானாவைப் பார்த்துச் சிரித்தபடி. "காலையிலருந்து நான் நீலக் கொடிய ஆட்டுனதே, ஜூடு சாருக்கு வழி விடுங்கன்னு மத்தவங்களுக்குச் சொல்லத்தான் மாப்ள."