லியாங் சேவலின் வால்

சீன தேசத்துச் சினிமாவிலே லியாங் சேவல்தான் ராஜா. அவன் நீள வாலைப் பார்க்கவே கொட்டகை நிறையும். ஒருநாள் மழைக் காட்சியில் பசை கரைந்து, கேமரா முன்னாலேயே அந்த ஒட்டுவால் கழன்று விழுந்துவிட்டது. மறுநாளே சுவரொட்டியில் அவன் மூஞ்சிமேல் வேறொரு சேவலின் மூஞ்சியை ஒட்டிவிட்டார்கள். மூணு வருஷம், வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் போதும், நம்மைத்தான் கூப்பிட வருகிறார்கள் என்று ஓடி ஓடிப் பார்த்தான்.

கடைசியில் வாலில்லாத கிழ ராஜா வேஷம் வந்தது. படம் வெளியான முதல்நாள் லியாங் திரையோரம் நின்று பார்க்க, கொட்டகையே அழுது, எழுந்து நின்று கைதட்டியது.

"ஜெயிச்சிட்டே தம்பி! இனியாவது நிம்மதியாச் சாப்பிடு," என்று மேக்கப் போடும் வாத்தக்கா தினைக் கிண்ணத்தை நீட்டினாள்.

லியாங் கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது கிடக்கட்டும் அக்கா. மூணாவது வரிசையில ஒரு ஆடு கொட்டாவி விட்டுச்சே, ஏனாம்?"