மீட்புத் தேர்வு

அதிகாரி செம்மஞ்சள் பொம்மையை ஏரிக்குள் எறிந்துவிட்டு அந்நாட்டு மொழியில் ஏதோ சொன்னார். வெளிநாட்டவர்களுக்காகப் படகு உரிமக் காரியாலயம் அமர்த்தியிருந்த மொழிபெயர்ப்பாளர் குலசிங்கம் என் பக்கம் குனிந்தார்.

"ஆள் தண்ணிக்குள்ள விழுந்திட்டார், தங்கச்சி. படகைத் திருப்புங்கோ."

நான் நேரே ஓட்டினேன். உரிமம் கிடைத்தால் திங்கட்கிழமை முதல் சுற்றுலாப் படகில் எனக்கு வேலை. மூன்று நிமிடத்துக்குள் பொம்மையைத் தூக்க வேண்டும். இரண்டு மாதம் பழகியிருந்தேன், கண்ணை மூடிக்கொண்டும் செய்வேன்.

பதினொரு வருடங்களுக்கு முன்பு நாங்கள் நாட்டைவிட்டுத் தப்பி வந்த படகை ஓட்டியவர் இந்தக் குலசிங்கம்தான். அக்கா சுகந்தி கடலில் விழுந்தபோது அம்மாவும் "படகைத் திருப்புங்கோ" என்றுதான் கத்தினார். இவர் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. இன்று காலை கைகொடுத்தபோது என்னை இவருக்குத் தெரியவில்லை.

"விளங்கேல்லையோ? திருப்புங்கோ எண்டு சொல்லுறன்! ஃபெயிலாக்கிப் போடுவான்!"

"இஞ்சின் சத்தத்தில கேக்கேல்லை அண்ணை."

"ஆள் சாகப்போகுது, பிள்ளை! திருப்பு!" அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

பொம்மை பின்னால் ஒரு புள்ளியாகிக்கொண்டிருந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தன் தாளில் பேனாவை வைத்தார். நான் வேகத்தைக் கூட்டினேன்.

"இப்ப கேக்குது," என்றேன். "இனி என்ர காலைப் பிடிச்சுக்கொண்டு சொல்லுங்கோ. அம்மா உங்களிட்ட அப்பிடித்தான் கேட்டவ."