சரியான பெயர்கள்

பதினெட்டு வருடம் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தும் தம்பிராசாவுக்கு ஓர் அமிலத்தின் பெயர்கூடத் தெரியாது என்பதை, மாற்றலாகி வந்த முதல் நாளே பாலேஸ்வரி ரீச்சர் கண்டுபிடித்துவிட்டார்.

'அசற்றிக்கமிலம்' என்று சீட்டு ஒட்டிய போத்தலைத் திறந்தார். நாலு சொட்டைச் செப்புக் கம்பியில் விட்டதும் மண்ணிறப் புகை கிளம்பியது.

"உது நைத்திரிக்கமிலம்! ஆர் ஒட்டினது உந்தச் சீட்டை?"

"நான்தான் ரீச்சர்."

"நைத்திரேற்று உப்புத் தாற அமிலத்துக்கு என்ன பேர்?"

தம்பிராசா தலையைச் சொறிந்தார். "நைத்திரேற்று அமிலமோ?"

"ஐயோ! உப்பு 'ஏற்று' எண்டு முடிஞ்சா அமிலம் 'இக்'. 'ஐற்று' எண்டு முடிஞ்சா 'அசு'. ஒன்பதாம் வகுப்புப் பெட்டையும் நித்திரையிலை சொல்லுவாள். இவ்வளவு காலமும் இஞ்சை என்ன, தூசியோ தட்டினனீங்கள்?"

"ஓம் ரீச்சர். தூசியும் தட்டினனான்."

அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குள் அமிலம் வருவது நின்று ஒரு வருடமாகிறது. ரீச்சர் பார்த்த மற்றப் பள்ளிக்கூடங்களில் அலமாரி வெறுமையாகக் கிடந்தது. இங்கே மட்டும் நிறையப் போத்தல்கள். இருந்தென்ன, ஒன்றிலும் பெயர் சரியில்லை.

ரீச்சர் ஒவ்வொன்றாகச் சோதித்துப் புதுச் சீட்டு எழுதத் தொடங்கினார்.

"பிள்ளையளின்ரை சோதினை முடியுமட்டும் பழைய சீட்டுக் கிடக்கட்டும் ரீச்சர். அவையளுக்கு வேண்டியதை நான் எடுத்துக் குடுப்பன்."

"நீங்களோ? சல்பூரிக்கும் சல்பூரசும் தெரியாத ஆளோ? உங்களை வேலையாலை நிப்பாட்டச் சொல்லிப் பள்ளிக்கூட அதிபருக்கு எழுதிக் குடுத்திட்டன்."

"வேலை போனாப் போகட்டும். சீட்டை மட்டும் மாத்தாதேங்கோ."

ரீச்சர் சிரித்துவிட்டார். பின்னேரத்துக்குள் எல்லாப் போத்தலுக்கும் புதுச் சீட்டு. கதவில் சிவப்பு மையில், எது எந்தத் தட்டில் என்று ஒரு பட்டியல்.

மூன்றாம் நாள் காலை, போராளி இயக்கப் பெடியள் இரண்டு பேர் தோளில் துவக்கோடு வந்தார்கள். வாகனம் வாசலில் நின்றது. கதவடியில் நின்று பட்டியலை ஆறுதலாக வாசித்தார்கள்.

"வடிவா எழுதியிருக்கிறியள் ரீச்சர். கை வைச்சு எடுக்கலாம்."

நைத்திரிக் போத்தல் எல்லாம் வாகனத்தில் ஏறின. பிறகு சல்பூரிக்.

"தம்பியவை, பிள்ளையளின்ரை செய்முறைச் சோதினைக்கு வைச்சிருக்கிறது..."

"எங்களுக்குக் குண்டுக்கு வேணும் ரீச்சர். போன மாசமும் வந்து தேடினனாங்கள். நைத்திரிக் ஒரு சொட்டும் இல்லையெண்டு ஒராள் சத்தியம் பண்ணினவர்."

ரீச்சர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். தம்பிராசா கையைத் துடைத்து, துணியை மடித்து மேசையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, செருப்பைப் போட்டுக்கொண்டு நீங்களும் ஏறுங்கோ."