ரெண்டு விரல், அஞ்சு விரல்

“ரெண்டு விரல்!” என்று கத்தினார் கன்னியப்பன்.

“அஞ்சு விரல்” என்றார் அரிகிருஷ்ணன். கன்னியப்பனிடம் அல்ல, மதில்மேல் உட்கார்ந்திருந்த காக்காயிடம்.

இருவரும் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. மில்லில் ஒரே ஷிப்ட்டில் இருந்தவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெத்தாங்க் ஆட்டத்தில், யார் எறிந்த இரும்புக் குண்டு இலக்காக வைத்த மரக்குண்டுக்குக் கிட்டே கிடக்கிறது என்று தகராறு. அளப்பதற்குள் அரிகிருஷ்ணன் கால் பட்டுக் குண்டு நகர்ந்துவிட்டது. தெரியாமல் பட்டதாம்! கன்னியப்பன் மறக்கிற ஆளா?

மில்லை மூடிய பிறகு வந்து சேர்ந்த இடத்திலும் அதே மூஞ்சி. முத்தியால்பேட்டையில் மேனகாவின் மகளிர் குழு, தொட்டிகளில் சத்துணவுக்கான சுருள்பாசி வளர்த்து விற்றது. காலை வேலை கன்னியப்பனுக்கு, சாயங்கால வேலை அரிகிருஷ்ணனுக்கு. அன்று மேனகா இருவரையும் ஒன்றாக வரச் சொல்லியிருந்தாள்.

வேலை சின்னதுதான். நுனியில் வெள்ளைத் தட்டு அடித்த கோலைத் தண்ணீரில் மெள்ள இறக்க வேண்டும். தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ, அதுவரைதான் வெளிச்சம் போகிறது. பாசி அடர்ந்தால் சீக்கிரம் மறையும். ரெண்டு விரலில் மறைந்தால் துணியில் வடித்து எடுக்கலாம். அஞ்சு விரல் என்றால் இன்னும் வெயில் காட்ட வேண்டும்.

“மூணு மாசமா நீங்க ரெண்டு விரல்னு சொல்லித்தான் வடிக்கிறோம், மாமா” என்றாள் மேனகா. “துணியில பல்லு விளக்கற அளவுகூட ஒட்டல. அரி மாமா அஞ்சுங்கறாரு. யாரோ ஒருத்தர் தப்பு. தப்பானவர இனிமே வேலைக்கு வெச்சிக்க முடியாது.”

“நல்லா பாரும்மா. தட்டு எங்க தெரியுது? பச்சைப் பசேல்னு இருக்குது!”

மேனகா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து அரிகிருஷ்ணனைப் பார்த்தாள்.

அரிகிருஷ்ணன் தலையைச் சொறிந்தார். “எனக்குத்தாம்மா கண்ணு சரியில்ல போல.”

கன்னியப்பனுக்குக் காலையில் தின்ற இட்லி இப்போதுதான் இனித்தது.

“அப்ப கண்ணக் காட்டிச் சீட்டு வாங்கியாங்க, அரி மாமா. நாளைக்கு ஸ்கூல்ல இலவச முகாம் போடறாங்க. துணைக்கு யாராச்சும்…”

“நான் போறேன்!” என்றார் கன்னியப்பன். டாக்டர் வாயாலேயே ‘குருடு’ என்று சொல்வதைக் கேட்க வேண்டாமா?

மறுநாள் வெள்ளை வேட்டி கட்டி, கல்யாணத்துக்குப் போகிறவர் போலக் கிளம்பினார். முகாம் நடந்த வகுப்பறை ஒரே மங்கல். ‘இந்தக் காலத்து பல்ப்பே இப்படித்தான்’ என்று நினைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா அரிகிருஷ்ணன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள். எழுத்தைப் படிக்கச் சொன்னாள். கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தார் அரிகிருஷ்ணன்.

“உங்களுக்கு ஒண்ணுமே இல்லியே, ஐயா. பருந்துக் கண்ணு.”

கன்னியப்பன் துள்ளி எழுந்தார். “பாத்தீங்களா டாக்டரம்மா! பொய்யி! அன்னிக்கிக் குண்டத் தள்ளுனான், இன்னிக்கிக் கண்ணு போச்சுன்னு ஏமாத்துறான். ஏம்மா, கையக் கட்டிக்கினு சும்மா நிக்கிறீங்களே, இந்த ஆள ஒரு வார்த்த கேளுங்க!”

“பெரியவரே” என்று இடதுபக்கமிருந்து குரல் வந்தது. “நான் இங்க இருக்கேன். நீங்க பேசறது ஸ்டாண்டுல மாட்டியிருக்கற என் கோட்டுகிட்ட.”

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரம்மா கன்னியப்பனை உட்கார வைத்து டார்ச் அடித்தாள்.

“ரெண்டு கண்ணுலயும் புரை முத்திப் போச்சு. இத வெச்சிக்கினு எப்படி நடமாடறீங்க? ஆபரேஷன் பண்ணா எல்லாம் பளிச்சுனு தெரியும்.”

கன்னியப்பன் தன் விரல்களை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். வெள்ளைத் தட்டு, மூன்று மாதம், ரெண்டு விரல்…

மங்கலாக நின்ற உருவத்தின் பக்கம் திரும்பினார். பதினோரு வருஷத்துக்கப்புறம் முதல்முதலாகக் கேட்டார்: “ஏன்டா பொய் சொன்ன?”

“உனக்குக் கண்ணு தெரியல, வாடான்னா நீ வருவியா? எனக்குத் தெரியலன்னாதான ஓடி வருவ!”

கன்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அழுவாத. உம்மேல பாசம்லாம் ஒண்ணும் கிடையாது” என்றார் அரிகிருஷ்ணன். “சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிக்கினு குண்ட எடுத்துக்கினு வா. மறுபடி ஆடிப் பாத்துடலாம். கண்ணு தெரியாதவன ஜெயிச்சா எவன்டா ஒத்துக்குவான்?”