ஏழாம் நம்பர் அறை

அழுதுகொண்டிருந்த பெண்ணின் காதருகே குனிந்து செல்வலட்சுமி ஏதோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். கட்டில்மேல் அந்தப் பெண்ணின் பை, ஊருக்குக் கிளம்பத் தயாராக இருந்தது. வாசலில் சுகப்பிரியாவைக் கண்டதும் இருவரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள்.

சுகப்பிரியாவுக்கு அது போதும்.

ஒரகடத்துத் தொழிற்சாலையில் பெண்கள் ஏன் வேலையில் நிலைப்பதில்லை என்று ஆராய வந்தவள் அவள். படப்பையில் இருக்கும் கம்பெனி விடுதியின் பதிவேட்டைப் பத்து நாளாகக் குடைந்திருந்தாள். மற்ற அறைகளில் வருஷத்துக்கு ஒருத்தி வேலையை விட்டாலே அதிகம். ஏழாம் நம்பர் அறைக்கு மாறி வந்த பதினாலு பேரில் பதினோரு பேர் போய்விட்டார்கள்!

அந்த அறையிலேயே நிலையாக இருந்தவள் செல்வலட்சுமி ஒருத்திதான்.

"அவகிட்ட என்ன சொல்லிக்கிட்டிருந்தே?"

"அவ மனசுல உள்ளத நான் வெளிய சொல்லமாட்டேன், மேடம்" என்றாள் அந்த சங்கரன்கோவில்காரி. குரலில் பயமே இல்லை. திமிர் என்று குறித்துக்கொண்டாள் சுகப்பிரியா.

மறுநாள் காலை மேனேஜர் சண்முகசுந்தரத்தின் மேஜையில் கலர் கலரான வரைபடங்களோடு அறிக்கை வந்து விழுந்தது.

"இவ ஒருத்திய அனுப்பிட்டா போதும் சார். கணக்கு பொய் சொல்லுமா?"

மேனேஜர் பக்கங்களைப் புரட்டினார். "அந்த ரூமுக்குப் போனப்புறமும் மூணு மாசம், நாலு மாசம் இருந்துட்டுத்தானே போயிருக்காங்க?"

"அதுதான் சார் அவ சாமர்த்தியம். மெதுவா மனசக் கலைக்கிறா."

மேனேஜருக்கு அது நியாயமாகப் பட்டது. செல்வலட்சுமியை வேலையிலிருந்து நீக்கும் கடிதம் பத்து நிமிஷத்தில் தயாராகிவிட்டது. விடுதி வார்டன் சொர்ணம்மாளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். சுகப்பிரியா பெருமை தாங்காமல் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"சாயங்காலத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணச் சொல்லிடுங்க."

"சரி சார்" என்ற சொர்ணம்மாள் நகரவில்லை.

"இன்னும் என்னம்மா?"

"வேலைய வுட்டுட்டு இன்னிக்கே ஊருக்குப் போறேன்னு அழுவுற பொண்ணுங்கள, பேசித் தேத்தட்டும்னு நான்தான் சார் அவ ரூம்ல போட்டுக்கினு இருந்தேன். இனிமே எங்க போடறது?"