ஏழு படங்கள்

"ஏழு படம், ஆருஷன். ஏழும் ஒரே கதை. இதுக்குப் பிறகும் நீ ஒண்டுமில்லை எண்டால் நான் நம்ப வேணுமோ?"

வதனி தொலைக்காட்சியை நோக்கி ரிமோட்டை நீட்டியபடி நின்றாள். திரையில், அந்த வீட்டில் பார்த்து முடித்த படங்களின் வரிசை. எல்லாப் படத்திலும் பள்ளிக்கூடச் சீருடையில் இரண்டு பையன்கள். ஒருவன் மற்றவனைக் காதலித்து, அதை வீட்டில் சொல்லத் தெரியாமல் முழித்து, பார்ப்பவர்களைச் சிரிக்க வைப்பான்.

"நான் பார்க்கேல்லை எண்டு எத்தினை தரம் சொல்றது, மம்?"

"அப்ப படம் தன்ர பாட்டில ஓடினதோ?"

பதினாறு வயது ஆருஷன் சோபாவில் இன்னும் கொஞ்சம் புதைந்தான். ஹில்ஸ்பரோவில் உள்ள அந்த வீட்டில் இப்போது மூன்றே பேர். வதனியின் கணவன் யசீகரன் நாலு மாதமாகப் பேர்த் நகரில் வேலை செய்கிறான். மனைவி இறந்தபின் மகளோடு வந்து இருக்கும் வதனியின் தகப்பன் சோதிலிங்கம், சாப்பாட்டு மேசையில் உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

மகன் ஆண்களை விரும்புகிறான் என்பதில் வதனிக்குக் கோபமில்லை. முதல் இரண்டு நாள் குளியலறைக்குள் நின்று அழுதது உண்மைதான். பிறகு தானும் உட்கார்ந்து அந்தப் படங்களில் மூன்றைப் பார்த்தாள்.

வசன எழுத்துகள் பாதித் திரையை மறைக்கும் அளவுக்குப் பெரிதாக்கப்பட்டிருந்தன. சிறிதாக்கத் தெரியாமல் அப்படியே பார்த்து முடித்தாள். மூன்றாவது படத்தில் தாய் மகனைக் கட்டிப்பிடித்தபோது வாய்விட்டு அழுதாள். நானும் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள்.

அதற்கு மகன் ஒரு சந்தர்ப்பம் தருகிறானில்லை. அதுதான் அவளுடைய ஆத்திரம்.

திங்கட்கிழமை கேட்டாள். "நோ" என்றான். செவ்வாய்க்கிழமை அவனுக்குப் பிடித்த கணவாய்க் கறி வைத்துக் கேட்டாள். கறியைச் சாப்பிட்டுவிட்டு "நோ" என்றான்.

வியாழக்கிழமை அவனுடைய சிநேகிதன் சச்சினைக் காரில் பாபடோயிட்டோயில் உள்ள அவன் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டபோது, அந்தப் பையனிடமே ஆங்கிலத்தில் அன்பாகக் கேட்டாள், "உங்கள் இரண்டு பேரின் விஷயம் உன் வீட்டில் தெரியுமா" என்று. சச்சின் அவசரமாக இறங்கிப் போனவன்தான், பிறகு வரவில்லை.

"அவன் இப்ப என்ர மெசேஜுக்குக்கூடப் பதில் போடுறானில்லை. ஆர் யூ ஹாப்பி?" என்று ஆருஷன் முறைத்தான்.

"நான் நல்லதுக்குத்தானே கேட்டனான்!"

"மம், ஐ'ம் நொட் கே! இருந்தா உங்களுக்குச் சொல்லியிருப்பன். ஏன் நம்புறீங்களில்லை?"

ஒரு தாய் இதைவிட வேறு எப்படித்தான் கேட்பது? ரிமோட்டைச் சோபாவில் எறிந்துவிட்டு, அவன் முன்னால் முழங்காலில் இருந்து, இரண்டு கைகளையும் பிடித்தாள்.

"கேள் ராசா. நீ ஆரை விரும்பினாலும் எனக்கு ஒண்டுமில்லை. அதால நீ எனக்கு ஆரோவாகிப் போகமாட்டாய். இந்த வீட்டில ஒருத்தரும் தங்களை ஒளிச்சுக்கொண்டு சீவிக்கத் தேவையில்லை. விளங்குதோ?"

ஆருஷன் கைகளை உருவிக்கொண்டு எழுந்தான். "யூ ஆர் நொட் லிஸனிங்!" என்று கத்திவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினான்.

வதனி எழும்பாமல் நிலத்திலேயே இருந்தாள். ஒரு கிழமையாக மற்றவர்கள் முன்னால் அடக்கி வைத்திருந்த அழுகை இப்போது வந்துவிட்டது.

"நான் இன்னும் என்னத்தைச் செய்யிறது, அப்பா? நீங்களாவது அவனோட ஒருக்காக் கதையுங்கோவன்."

சோதிலிங்கம் கையிலிருந்த உள்ளியைக் கீழே வைத்தார். விரல்களை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். இரண்டு தரம் தொண்டையைச் செருமினார்.

"பொடியனை விடு, பிள்ளை. அவன் பொய் சொல்லேல்லை. அந்தப் படங்களைப் பார்த்தது நான்."

வதனி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணீரோடு சிரிப்பும் வந்தது. ஒரு கிழமைப் பாரம் ஒரு நொடியில் இறங்கியது போலிருந்தது.

"நீங்களோ? ஐயோ அப்பா, இதை முதலே சொல்லியிருக்கலாமே! பாவம், அவனைப் போட்டு அந்தப் பாடு படுத்திப்போட்டன். ரிமோட்டை மாறி அமத்திப்போட்டியளோ?"

"இல்லை. மாறி அமத்தேல்லை. தேடித்தான் பார்த்தனான்."

அவளுடைய சிரிப்பு பாதியில் நின்றது. சோதிலிங்கம் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆனால் மகளின் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"இப்ப அவனுக்குச் சொன்னனியே... அதை எனக்கு ஒருக்காச் சொல்லு, பிள்ளை."