ஏற்கெனவே வந்த மாதிரி

கம்சாயினியின் மரபணுக்களை அந்த ஆய்வகம் ஏற்கெனவே ஒருமுறை படித்திருந்தது.

அதைச் சொல்வதற்கு முன் வரதராஜன் கூட்ட அறையின் கதவைச் சாத்தினார். நகரின் வடபுறம் ஆல்பனியில் இருக்கும் அந்த ஆய்வகம், பல மரபணுக்களை ஒரே தடவையில் பார்க்கும் சோதனைத் தொகுப்பான மரபணுப் பேனலை எந்தக் கம்பெனியிடம் வாங்குவது என்று முடிவு செய்பவர் அவர். அவள் அதை விற்பவள்.

ஐந்து மாதமாக அவரிடம் நடையாய் நடந்திருந்தாள். நீங்கள் இப்போது வாங்குவது இதய நோய்க்கு ஐம்பத்தெட்டு மரபணுக்களைத்தான் பார்க்கிறது, எங்களுடையது நூற்று எழுபத்துநான்கு பார்க்கும் என்றாள். குழாய்கள் மாறிப்போனாலும் பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டு உடனே காட்டிக்கொடுத்துவிடும் என்றாள். அவருக்கு நம்பிக்கை வரட்டும் என்று, போன மாதம் தன் எச்சிலையே குழாயில் துப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

இங்கே முன்பு எப்போதாவது சோதனை செய்ததுண்டா என்று இப்போது கேட்டார் வரதராஜன்.

இல்லை என்றாள். குழாய் மாறியிருக்கும் என்று அவளே சொல்லிவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மூன்று முறை திரும்பப் பார்த்தாராம். மூன்று முறையும் அவளுடைய மாதிரி, ஆய்வகத்துக்கு முன்பே வந்த இன்னொரு மாதிரியோடு பொருந்தியது. ஒரே கருவில் இருந்து பிரிந்த இரட்டையர் என்றால் மட்டுமே இப்படி அச்சாகப் பொருந்தும்.

தான் ஒற்றைப் பிள்ளை என்றாள் கம்சாயினி.

அந்த இன்னொரு மாதிரி யாருடையது என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். ஆனால் இதயத்துடிப்பைக் குலைக்கும் ஒரு பிழை அதில் இருந்தது. அவளுடையதிலும் இருக்கிறது. இன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். மாத்திரை இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை.

அந்தப் பெண் மாத்திரை எடுக்கிறாளா என்று கேட்டாள்.

வரதராஜன் மேசையைப் பார்த்தார்.

“அவங்களோடது எச்சில் இல்லைங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி, போஸ்ட்மார்ட்டத்துல எடுத்த ரத்தம்.”

எப்படி எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. காருக்குள் இருந்தாள். கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். துடித்துக்கொண்டுதான் இருந்தது. யாருடையதோ போல இருந்தது.

நகரின் இன்னொரு பக்கம், மவுண்ட் ஆல்பர்ட்டில் இருக்கும் அம்மா வசந்தமலருக்கு அழைத்தாள். என்னைப் போலவே ஒருத்தி இந்த ஊரில் இருந்திருக்கிறாள், மரபணு அப்படியே பொருந்துகிறது என்று மட்டும் சொன்னாள். அவள் செத்துப்போனதைச் சொல்ல வாய் வரவில்லை.

வசந்தமலர் அது யார், எவள் என்று கேட்கவில்லை. தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

“அவளின்ர செத்தவீட்டுக்கு நான் போனனான், பிள்ளை. பெட்டிக்குக் கிட்டப் போகேல்லை. உன்ர முகம்தானே கிடந்திருக்கும்.”